திரும்பி வந்த பூடில் குட்டி

விற்ற குட்டி எந்த வயதில் வேண்டாமென்றாலும் தங்களிடமே திரும்ப வேண்டும் என்று பொறுப்புள்ள நாய் இனவிருத்தியாளர்கள் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவதால், ‘கடிக்கிறது’ என்ற ஒற்றைப் புகாரோடு எட்டு மாதப் பூடில் ஒன்று வந்து இறங்குவது அவர்களுக்குப் புதிதன்று. வந்த முதல் சில நாட்களின் அமைதியைக் கண்டு நல்ல குணம் என்று முடிவுகட்டுவது அவசரப் புத்தி. இடம் மாறிய அச்சத்தில் குட்டி ஒடுங்கியிருக்கக்கூடும்.

குணத்தை எடைபோடுமுன் உடலைப் பார்க்க வேண்டும். பூடிலின் முடி உதிர்ந்து கீழே விழாமல் சுருளுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும் தன்மையது. அதிலும் குட்டிப்பருவ முடி போய் முதிர்ந்த முடி வளரும் மாதங்களில், சீப்புப் படாத காதோரமும் அக்குளும் கம்பளம்போல் இறுகித் தோலை இழுப்பதால், அங்கே கைபட்டதும் குட்டி சீறுவது பெரும்பாலும் வலியால்தான். காதுக்குள் முடி அடர்ந்து சீழ் வைத்திருப்பதும் உண்டு. சிக்கை ஒட்ட மழித்தபின்னும் சீற்றம் நீடித்தால், பழக்கக் குறையைத் தேடலாம். நாய்களின் நடத்தையை ஆராய்ந்த ஸ்காட், புல்லர் ஆகிய இருவரும் 1965-இல் வெளியிட்ட ஆய்வுநூல், மனிதரோடும் புதியவற்றோடும் குட்டி எளிதில் இணங்கும் ‘சமூகப் பழக்கக் காலம்’ ஏறத்தாழ 3 முதல் 12 வாரம் வரை என்கிறது. அது கடந்தபின் பயிற்சி பலிக்கும், ஆனால் மெதுவாகவே.

ஆகவே இனவிருத்தியாளர்கள் முடிவெட்டும் இயந்திரத்தை முதலில் ஓடாத நிலையில் உணவுத்தட்டருகே வைத்து, பிறகு தொலைவில் ஓடவிட்டு, இறைச்சித் துணுக்குகள் கொடுத்தபடியே முதுகில் தொடவிட்டு, கூச்சம் மிகுந்த பாதங்களைக் கடைசிக்கு ஒதுக்குவர்; குட்டி உணவை மறுத்தால் ஒரு படி பின்வாங்குவர்.