விருந்தாளிக்கு ஆறு மாதம்

தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இன்று ஒரு புதிய வழக்கம் தோன்றியிருக்கிறது. நம் தந்தையர் பிழைப்பை நாடி வடக்கே வந்தார்கள். நம் தம்பிமாரும் பிள்ளைகளும் இங்கிருந்து கடல் கடந்து போகிறார்கள். விமான நிலையத்தில் அப்பளக் கட்டுடன் நின்று வழியனுப்புவது நமக்குப் பழகிவிட்டது. ஆனால் போனவர் விடுமுறைக்கு வந்து திரும்பும்போது அவருடைய பாஸ்போர்ட்டின் கடைசித் தேதியை நம்மில் எத்தனை பேர் பார்க்கிறோம்? நானும் பார்த்ததில்லை. பார்க்கும்படி நேர்ந்த கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் ரயில்வேயில் முன்பதிவுக் குமாஸ்தா. பத்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. தம்பி பொறியியல் படித்து, அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில், எடிசன் என்னும் ஊரில் குடியிருக்கிறான். 2023 மே மாதம் தந்தையின் திதிக்காக இரண்டு வார விடுப்பில் வந்தவன், "அண்ணா, இம்முறை நீங்களும் என்னோடு வரவேண்டும்" என்று பிடிவாதம் பிடித்தான். விசா முன்பே வாங்கி வைத்திருந்தேன். அலுவலகத்தில் முறைப்படி அனுமதி பெற்று, சேர்த்து வைத்திருந்த விடுப்பில் 30 நாள் எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

தில்லியிலிருந்து நியூவர்க் விமான நிலையத்துக்கு நேர் விமானம். பதினைந்து மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே போகவேண்டும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு போனாலும் இந்த அலுப்பு வராது. அங்கே நடுவில் இறங்கித் தேநீராவது குடிக்கலாம்.

நியூவர்க்கில் இறங்கியதும் குடியேற்றச் சோதனைக் கூடத்தில் நீண்ட வரிசை. எனக்கு முன்னால் தம்பி நின்றான். அதிகாரி அவனிடம் வேலையைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார், விரல் ரேகை எடுத்தார், அனுப்பிவிட்டார். என்னிடம் யாரைப் பார்க்க வந்தீர், எப்போது திரும்புவீர் என்று கேட்டார். தயங்கித் தயங்கிப் பதில் சொன்னேன். என்னையும் அனுப்பிவிட்டார். மே 28ஆம் தேதி அது. இவ்வளவுதானா என்று மகிழ்ந்தோம்.

ரயில்வேக்காரன் அல்லவா, டாக்ஸி வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். விமான நிலையத்திலிருந்து ஒற்றைத் தண்டவாளச் சிறு வண்டியில் ரயில் நிலையத்துக்குப் போய், அங்கிருந்து மின்சார ரயிலில் மெட்ரோபார்க் வரை சென்றோம். நமது அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர், அங்கே 1,435தான். வண்டி மட்டும் நம் வண்டியைப் போலவே நிறைந்திருந்தது. பரிசோதகர் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு இருக்கையின் தலைப்பில் ஒரு சிறு சீட்டைச் செருகிப் போகிறார். நாம் இறங்கவேண்டிய இடம் அதிலிருந்து அவருக்குத் தெரிந்துவிடுமாம். நல்ல ஏற்பாடு!

எடிசன் ஊர் விஞ்ஞானி தாமஸ் எடிசனின் பெயரைத் தாங்கியது. அவருடைய மென்லோ பார்க் ஆராய்ச்சிக்கூடம் இருந்த இடம் இதன் எல்லைக்குள்தான். 1954இல்தான் ஊருக்கு இந்தப் பெயரை வைத்தார்கள். இன்று அங்கே ஓக் ட்ரீ சாலையில் நடந்தால் நகைக்கடையும் புடைவைக் கடையும் தோசை மணமுமாக நம் கரோல் பாக் நினைவுக்கு வருகிறது.

மூன்றாம் நாள் மாலை. தம்பி வேலை செய்யும் நிறுவனம், ஊர் போய்த் திரும்பியவர்கள் தங்கள் ஐ-94 பதிவை அனுப்பவேண்டும் என்று கேட்டிருந்தது. ஐ-94 என்பது வெளிநாட்டார் ஒருவர் இன்ன தேதி வரை அந்நாட்டில் தங்கலாம் என்பதற்கான பதிவு. முன்பு தாளில் தருவார்களாம். 2013 முதல் விமானப் பயணிகளுக்கு அது மின்பதிவாகிவிட்டது; நாமே கணினியில் தேடி எடுக்கவேண்டும். தம்பி தன்னுடையதையும் என்னுடையதையும் அச்செடுத்து மேசைமேல் வைத்துவிட்டுக் காபி போடப் போனான்.

தேதியைப் படிப்பது என் பிழைப்பு. சும்மா கையில் எடுத்துப் பார்த்தேன். சுற்றிப் பார்க்க வந்த எனக்கு நவம்பர் 27 வரை, முழுதாக ஆறு மாதம். அங்கேயே வேலை செய்து வரி கட்டும் தம்பிக்கு அக்டோபர் 9 வரைதான். நாலரை மாதம் கூட இல்லை!

"ஏதோ தவறு அண்ணா. எனக்கு 2025 செப்டம்பர் வரை விசா இருக்கிறதே" என்றான். எச்-1பி என்னும் வேலை விசா அவனுடையது. பாஸ்போர்ட்டை எடுத்து வரச் சொன்னேன். விசாப் பக்கத்தை அவன் நீட்டினான். நான் முதல் பக்கத்தைத் திருப்பினேன். பாஸ்போர்ட் காலாவதியாகும் நாள் அக்டோபர் 9. இருவரும் சற்று நேரம் பேசவில்லை.

பிறகு நிறுவனத்தின் வழக்கறிஞர் விளக்கிய விஷயம் இது. அமெரிக்காவுக்குள் வருகிறவருடைய பாஸ்போர்ட், தங்கும் காலத்துக்கு மேலும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்பது பொது விதி. சில நாடுகளுக்கு உடன்பாட்டின்படி இதில் விலக்கு உண்டு. இந்தியாவும் அவற்றில் ஒன்று. ஆகவே ஆறு மாதம் மிச்சம் இல்லாவிட்டாலும் நம்மவரை உள்ளே விடுவார்கள். ஆனால் தங்கும் காலத்தைப் பாஸ்போர்ட்டின் கடைசி நாளோடு நிறுத்திவிடலாம். விசா எத்தனை ஆண்டுக்கு இருந்தாலும் பயனில்லை. விசா வாயிலில் வந்து நிற்பதற்கான அனுமதி. தங்குவதற்கு அளவு ஐ-94.

எனக்கு இது உடனே விளங்கிற்று. சென்னை வரை டிக்கெட் இருந்தும் படுக்கை நாக்பூர் வரை மட்டும் உறுதியான பயணியை நான் தினந்தோறும் பார்க்கிறேன். நாக்பூரில் அவர் படும் பாட்டையும் அறிவேன்.

கவனியாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அக்டோபர் 9க்குப் பிறகு ஒரு நாள் தங்கினாலும் அந்த விசா செல்லாததாகிவிடும். 180 நாளுக்கு மேல் தங்கி வெளியேறினால் மூன்று ஆண்டுகளும், ஓராண்டு தங்கி வெளியேறினால் பத்து ஆண்டுகளும் திரும்ப நுழையத் தடை. வரும் ஜனவரியில் அம்மாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை. தம்பி வருவதாகச் சொல்லியிருந்தான். வந்திருப்பான், திரும்பியிருக்க முடியாது. அவன் மனைவியும் குழந்தையும் அங்கே, அவன் இங்கே!

"தில்லியில் இருந்தபோதே புதுப்பித்திருக்கக் கூடாதா?" என்றேன். "பழைய பாஸ்போர்ட்டில் விசா இருக்கிறதே, அதை ரத்துச் செய்துவிட்டால் விசாவும் போய்விடும் என்று பயந்தேன்" என்றான். வீண் பயம். நம் நாட்டில் பாஸ்போர்ட் முடிவதற்கு ஓராண்டு முன்பே புதியது கோரலாம். பழையதை ரத்துக் குறியிட்டுத் திருப்பித் தருவார்கள். அதிலுள்ள அமெரிக்க விசா சேதமின்றிக் காலமும் மீதமிருந்தால், பழையதையும் புதியதையும் சேர்த்துக் காட்டி உள்ளே போகலாம்.

மறுநாளே இந்தியத் தூதரக விதிப்படி புதிய பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தான். நான் ஊர் திரும்பிய பிறகு, ஜூலைக் கடைசியில் அது வந்தது. அக்டோபர் 9க்கு முன்பாகவே நிறுவனம் நீட்டிப்பு மனுவைத் தாக்கல் செய்தது. அப்படி உரிய காலத்தில் தாக்கல் செய்துவிட்டால், முடிவு வரும் வரை 240 நாள் வரை தொடர்ந்து வேலை செய்யச் சட்டம் இடம் தருகிறது. முடிவு சாதகமாகவே வந்தது. புதிய ஐ-94 அந்த ஆணையின் அடியிலேயே அச்சாகியிருந்தது.

நம் வாசக அன்பர்களுக்கு இரண்டு வார்த்தை. விடுமுறைக்கு வரும் பிள்ளையின் பாஸ்போர்ட்டை வாங்கி, விசாப் பக்கத்தை விட்டு முதல் பக்கத்தைப் பாருங்கள். குழந்தைகளின் பாஸ்போர்ட்டையும் மறவாதீர்கள். பெரியவர்களுக்குப் பத்து ஆண்டு என்றால் சிறுவர்களுக்குப் பெரும்பாலும் ஐந்து ஆண்டுதான். ஐ-94 ஆளுக்கு ஒன்று. தந்தைக்கு மூன்றாண்டு கிடைத்தாலும் பிள்ளைக்குச் சில மாதமே கிடைக்கக்கூடும். போய்ச் சேர்ந்ததும் ஒவ்வொருவருடைய பதிவையும் எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். வேறு நாடுகளுக்கு வேறு விதிகள் உண்டு. வழியில் இறங்கி மாறும் நாட்டுக்கும் தனி விதி இருக்கலாம். டிக்கெட் வாங்குமுன் விசாரித்துவிடுவது நல்லது.

2024 ஜனவரியில் தம்பி வந்தான். அம்மாவின் கட்டு அவிழ்க்கும்போது பக்கத்தில் இருந்தான். திரும்பும் நாளில் விமான நிலையத்துக்கு நானும் போனேன். வாயிலில் நின்று, நான் கேளாமலே, இரண்டு பாஸ்போர்ட்டையும் எடுத்துக் காட்டினான். டிக்கெட் பரிசோதகரைப் போல இரண்டையும் பிரித்துப் பார்த்து, "சரி, போய் வா" என்றேன்.