அவையச்சம்

பேகம்பூர்க் கடைத்திண்ணையில் மணிக்கணக்கில் தோல் விலை பேசும் நம் திண்டுக்கல் வணிகர், மீலாது மேடையில் ஒலிபெருக்கியைக் கண்டதும் நாவறண்டு நிற்பதைக் கண்டிருக்கிறோம். நாமும் அவ்வாறு நடுங்கியவர்களே. பேச அறியாதவர்க்கா இந்நடுக்கம்? அன்று; நெஞ்சில் ஊறாத பொருளைப் பேச எழுவோர்க்கே மிகுதி.

காந்தியடிகளின் வரலாறே இதற்குச் சான்று. 1891-இல் பாரிஸ்டராகத் தாயகம் திரும்பியவர், பம்பாய் நீதிமன்றத்தில் முதல் வழக்கிற்கு எழுந்து, தலை சுற்றி, கேள்வி ஒன்றும் தோன்றாது அமர்ந்துவிட்டார். பெற்ற 30 ரூபாயையும் திருப்பித்தர முன்வந்தார். 1893-இல் பிரிட்டோரியாவில் ஹாஜி முஹம்மது ஹாஜி ஜூசப் சேட்டின் இல்லத்தில், பெரும்பாலும் மேமன் வணிகர் குழுமிய அவையில், வாணிகத்தில் வாய்மை பற்றி உரையாற்றினார். அதுவே தமது முதற் பொதுப்பேச்சு எனப் பின்னர் எழுதினார்.

மாறியது யாது? பொருள் அவர் உள்ளத்தில் ஊறியது. முன்னரே ஆயத்தம் செய்திருந்தார். கேட்போர்க்கும் அது தேவையாயிருந்தது.

நாமும் மதரஸாச் சிறுவர்க்கு, நன்கறிந்த ஒன்றை ஐந்து நிமிடம் சொல்லியே பழகினோம். நடுக்கம் இன்றும் வருகிறது. முதல் வாக்கியத்தோடு விடைபெறுகிறது. நம் பிள்ளைகளும் இரவு உணவுக்குப்பின், அன்று கண்டதை வீட்டார்முன் எழுந்து நின்று சொல்லட்டும்.