கரும்புகை போச்சு... விஷம் போச்சா?

செமஸ்டர் முடிஞ்சதும் பாபநாசம், மணிமுத்தாறுனு வேன் எடுத்துக் கிளம்புற பார்ட்டியா நீங்க? அப்ப இந்த மேட்டர் உங்களுக்குத்தான் பாஸ்! ஏத்தத்துல வண்டி மூச்சு வாங்கி, பின்னாடி கரும்புகையைக் கக்குச்சுன்னா டிரைவர் அண்ணாச்சியைக் கலாய்க்காதீங்க. இன்ஜின்ல ஒரு குட்டி வால்வு ஸ்டிரைக் பண்ணியிருக்கலாம். பேரு ஈ.ஜி.ஆர்.

சைலன்ஸருக்குப் போற புகையில கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பி அனுப்புறதுதான் இதோட வேலை. 'வெளியே போற புகையை ஏன் உள்ளே விடணும்?'னு கேப்பீங்க. டீசல் எரியுறப்போ சூடு எக்கச்சக்கமா ஏறினா, காத்துல இருக்கிற நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்ஸைடு ஆயிடும். ஆஸ்துமாக்காரங்களுக்கு அது பெரிய வில்லன். எரிஞ்ச புகை உள்ளே போனா ஆக்ஸிஜன் குறையும், சூடு தணியும், வில்லனும் அடங்குவான். சிம்பிள்!

சிக்கல் என்னன்னா, அதே புகையில இருக்கிற கரி, ஆயில் ஆவியோட சேர்ந்து தார் மாதிரி வால்வுல அப்பிக்கும். வண்ணார்பேட்டை ட்ராஃபிக்குல நின்னு நின்னு போற வண்டின்னா இன்னும் சீக்கிரம். ஏத்தத்துல ஃபுல் லோடு இழுக்கும்போது இந்த வால்வு மூடிக்கணும். திறந்த வாக்குல மாட்டிக்கிச்சுன்னா நல்ல காத்துக்குப் பதிலா புகைதான் உள்ளே போகும். பிக்கப் காலி! மூடின வாக்குல மாட்டினா? வண்டி ஜம்முனு ஓடும். கண்ணுக்குத் தெரியாத வாயு மட்டும் கூடும்.

நான் மெக்கானிக்கல் மூணாம் வருஷம். லீவுல பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு ஒர்க் ஷாப்ல ட்ரெயினிங் போனேன். பழைய டீசல் வேன் ஒண்ணு இதே கம்ப்ளெயின்ட்டோட வந்துச்சு. "நாளைக்கு ஸ்கூல் சவாரி இருக்கு அண்ணாச்சி"னு டிரைவர் கெஞ்ச, மேஸ்திரி ஒரு தகட்டை வெட்ட ஆரம்பிச்சார். ஈ.ஜி.ஆர் பாதையை அடைச்சிட்டா இருபது நிமிஷத்துல பிக்கப் வந்துடும்! "ஒரு மணி நேரம் குடுங்க அண்ணாச்சி, செக் பண்ணிப் பாத்துடுறேன்"னேன். "சரிடே இன்ஜினீயரு, பாரு"னு சிரிச்சார்.

முதல்ல ஏர் ஃபில்டர், டர்போ ஹோஸ். இது ரெண்டும் சொதப்பினாலும் கரும்புகைதான். ரெண்டும் ஓகே. அடுத்து வேக்குவம் டியூப். சூட்டுல விறைச்சு விரிசல் விடும். அதுவும் ஓகே. இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு, கை பம்ப்பால வால்வுல வேக்குவம் இழுத்தேன். முள் இறங்காம நின்னுச்சு. அப்ப டயாஃப்ரம் கிழியலை. வேக்குவத்தை விட்டேன்... தண்டு முழுசா இறங்காம பாதியிலேயே நின்னுச்சு. ஆள் சிக்கிட்டான்!

கழட்டி, கரியைச் சுரண்டி, கிளீனர் அடிச்சு, புது கேஸ்கெட் போட்டு மாட்டினோம். சாயந்தரமே வேன் கிளம்பிடுச்சு. புது வால்வும் வேண்டாம், தகடும் வேண்டாம்.

"தகடு வெச்சிருந்தாலும் புகை டெஸ்ட்ல பாஸாகியிருக்கும்லாடே?"னு கேட்டார் மேஸ்திரி. ஆகியிருக்கும்! அதுதான் கொடுமை. டீசல் வண்டிக்கு பி.யூ.சி டெஸ்ட்ல பாக்குறது புகை எவ்வளவு கறுப்புங்கிறதைத்தான். நைட்ரஜன் ஆக்ஸைடை அளக்கிறதே இல்லை. பாதையை அடைச்சா கறுப்பு குறையும். ஆக, விஷத்தைக் கூட்டின வண்டிக்கு சர்டிஃபிகேட் இன்னும் ஈஸி!

டெஸ்ட்டை மட்டும் பாஸ் பண்றது ஒர்க் ஷாப் சமாசாரம் மட்டுமில்லை. டெஸ்ட் நடக்கிறப்போ மட்டும் நல்ல பிள்ளையா நடிக்கிற சாஃப்ட்வேரை, சுமார் 1.1 கோடி டீசல் வண்டிகள்ல வெச்சு 2015-ல மாட்டுச்சு ஃபோக்ஸ்வேகன். அதுக்கு முன்னாடியே, 2013 ஜூலையில, நம்ம டிராவல்ஸ்காரங்களோட செல்ல வண்டியான டவேராவில 1,14,000 வண்டிகளை எமிஷன் பிரச்னைக்காகத் திரும்ப அழைச்சுது ஜெனரல் மோட்டார்ஸ் இந்தியா.

மெக்கானிக்கல் மக்களே, ஒரு கை பம்ப்பும் ஒரு மணி நேரமும் போதும்; தகட்டைத் தொடுறதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணுங்க. மத்த டிபார்ட்மென்ட் மக்களே, வேன் வாடகை பேசுறப்போ, "அண்ணாச்சி, ஈ.ஜி.ஆரை அடைச்சு வெச்சிருக்கீங்களா?"னு ஒரு வார்த்தை கேளுங்க. கேக்குற ஆள் கூடினா, தகடு வெட்டுற கை கொஞ்சம் யோசிக்கும்!