பூட்டுப் போட்ட ப்ராசஸரும் என் பேராசையும்

மக்களே, என்கிட்ட இருக்கிறது பழைய இன்டெல் ஐ5-6400. பேஸ் க்ளாக் 100 மெகாஹெர்ட்ஸ், மல்டிப்ளையர் 27, பெருக்கினா 2.7 கிகாஹெர்ட்ஸ். டர்போவில் 3.3 வரை போகும், அதுக்கு மேல பூட்டு. பேஸ் க்ளாக்கையே ஏத்துற குறுக்குவழி ஒண்ணு 2015 கடைசியில வந்துச்சு. 2016-லயே அதையும் அடைச்சுட்டாங்க.

மேல ஏற முடியலைன்னா என்ன, கீழ இறங்கலாமே! வோல்டேஜை 10 சதவீதம் குறைச்சா, அதே வேகத்துல, கோர் வேலை செய்ய இழுக்கிற மின்சாரம் சுமார் 19 சதவீதம் குறையும். வர்க்கக் கணக்கு. 50 மில்லிவோல்ட் குறைச்சேன், ஃபேன் அடங்கிச்சு. ஆசை யாரை விட்டது? 150-க்குப் போனேன். ஒரு மணி நேர டெஸ்ட்ல பாஸ்.

அன்னைக்கு ராத்திரி ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை ஜிப் பண்ணிட்டு ஒரிஜினலை அழிச்சேன். காலையில ஜிப் திறக்கலை, சிஆர்சி எரர். திரும்ப டெஸ்ட் ஓட்டினா, அஞ்சாவது மணியில கணக்கு தப்பா வருது. ஹேங் ஆகியிருந்தாலாவது உஷாராகியிருப்பேன்!

கம்பெனிக்காரன் கூடுதலா விட்ட வோல்டேஜ் வீண்னு நினைச்சேன். அது மோசமான சிப்புக்கும் மோசமான நாளுக்கும் சேர்த்து விட்டது. இப்போ 50-லயே நிக்கிறேன், பென் டிரைவ்ல ஒரு காப்பியோட. ரிப்போர்ட்டை மூணு நாள் உட்கார்ந்து மறுபடி அடிச்சேன் :-)