செயின் நீளுதா, தேயுதா?

காமர்ஸ் படிக்கிறவனுக்கு வண்டிச் செயின்ல என்ன வேலைன்னு கேப்பீங்க. தேய்மானம்னா அது எங்க ஏரியா மக்களே :-)

என் கிளாஸ்மேட் ஒருத்தன் தினமும் செஞ்சியிலருந்து திண்டிவனத்துக்கு 100 சிசி வண்டியில போறான். பின்னாடி அவன் தங்கச்சி. போன வாரம் செயின் லூசாகி சத்தம் வந்துச்சு. மெக்கானிக் அண்ணன், "தம்பி, டைட் வைக்க இனிமே இடமில்ல. ரெண்டு லிங்க்கை எடுத்துட்டா இன்னும் ஆறு மாசம் ஓடும்"னு சொல்லிட்டார். செலவும் கம்மி. இங்கதான் எனக்கு உறுத்துச்சு.

செயின் நீண்டுடுச்சுன்னு சொல்றோமே, இரும்புத் தகடு ஒண்ணும் ரப்பர் மாதிரி இழுபடுறதில்ல. ஒவ்வொரு லிங்க்லயும் ஒரு பின், அதைச் சுத்தி ஒரு புஷ், அதுக்கு மேல ரோலர். 1880-ல மான்செஸ்டர்ல ஹான்ஸ் ரெனால்ட் கொண்டுவந்த அமைப்பு, இன்னிக்கும் அதேதான். தூசியும் காஞ்சுபோன ஆயிலும் சேர்ந்து பின்னையும் புஷ்ஷையும் அரைக்குது. ஒரு லிங்க்ல கால் மில்லிமீட்டர்தான் தேயும். ஆனா 100 லிங்க் இருந்தா?

கணக்கு பாருங்க. சின்ன வண்டிச் செயின்ல ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் பெரும்பாலும் 12.7 மி.மீ. 100 லிங்க்னா 1270. அதுல 2 சதவீதம் 25.4, அதாவது சரியா ரெண்டு லிங்க்! ஆக, ரெண்டு லிங்க்கைக் கழட்டுற அளவுக்கு லூசு வந்தாலே செயின் முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம். கழட்டினா மொத்த நீளம்தான் குறையும், மிச்ச 98-ம் தேஞ்சது தேஞ்சதுதான். ஸ்ப்ராக்கெட் பல்லுல சரியா உக்காராது, தாவும். ஓடும்போது அறுந்து சிக்கினா பின்சக்கரம் லாக் ஆகும். பின்னாடி லாரி வர்ற ரோட்டுல அது விளையாட்டில்ல.

கார்ல இப்படிப் பாக்க முடியாது. 1963-ல வந்த ஹோண்டா எஸ்500-ல பின்சக்கரத்துக்கே செயின் இருந்துச்சு. இப்ப பல கார்கள்ல எஞ்சினுக்குள்ள டைமிங் செயின் மட்டும்தான். காலையில ஸ்டார்ட் பண்ணதும் கொஞ்ச நேரம் கடகடன்னா அதை சந்தேகப்படணும். ஆயிலை நேரத்துக்கு மாத்தினா ரொம்ப நாள் தாங்கும்.

பைக்குக்கு ஒரு ஸ்டீல் ஸ்கேல் போதும். எஞ்சினை ஆஃப் பண்ணுங்க (விரல் முக்கியம் பாஸ்). செயின் கவரைக் கழட்டிட்டு, செயினை விறைப்பா வச்சு 21 பின் எண்ணுங்க. முதல் பின் நடுவுலருந்து கடைசி பின் நடு வரைக்கும் புதுசுல 254 மி.மீ. 257-ஐத் தொட்டா காசு சேர்க்க ஆரம்பிக்கலாம். கடைசி அளவு வண்டிக்கு வண்டி மாறும், மேனுவலைப் பாருங்க. ரெண்டு மூணு இடத்துல அளங்க, ஏன்னா ஒரே மாதிரி தேயாது.

அவன் வண்டியில அளந்தோம், 260. செயின் மட்டும் போதுமான்னு கேட்டான். தேஞ்ச பல்லு புதுச் செயினையும் சீக்கிரம் தின்னுடும், ரெண்டு ஸ்ப்ராக்கெட்டோட செட்டாவே வாங்குடான்னேன். ஞாயித்துக்கிழமை மாத்துறோம். அதுவரைக்கும் தங்கச்சி பஸ்ல.