ஒடிந்ததா, முறிந்ததா

“கை ஒடிஞ்சிருச்சுடா” என்றுதான் அம்மா போனில் சொன்னாள். மதுரையில் எங்கள் வீட்டுக் கொல்லையில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்திருக்கிறாள். பெங்களூரிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து நான் வந்து சேர்ந்தபோது மாவுக்கட்டு போட்டிருந்தார்கள். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். “முறிவுதான். ஆனா எலும்பு விலகலை. ஆறு வாரத்துல கூடிரும்.” மணிக்கட்டை ஒட்டி மெல்லிய கோடு ஒன்று தெரிந்தது. ஆப்ரகாம் கோலிஸ் என்ற ஐரிஷ் மருத்துவர் 1814-ல் விவரித்து எழுதிய முறிவு. கையை ஊன்றி விழுகிறவர்களுக்கு வருவது, அம்மா வயதுப் பெண்களுக்கு அதிகம் வருவது.

சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா வந்து, “கையை உடைச்சுக்கிட்டீங்களாமே” என்றார். அம்மாவுக்கு ஒடிந்தது, டாக்டருக்கு முறிந்தது, அக்காவுக்கு உடைந்தது. மூன்று பேரும் அந்த ஒரே கோட்டைத்தான் சொன்னார்கள். ஆனால் மூன்றும் ஒரே சொல் இல்லை. இந்த இலக்கணத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தது தமிழய்யா அல்ல, தெருச் சண்டைகள். பல்லை உடைப்பேன், காலை ஒடிப்பேன், கையை முறிப்பேன், காதை அறுப்பேன், தோலை உரிப்பேன். எவ்வளவு கோபத்திலும் யாரும் பல்லை முறிப்பேன் என்று சொல்லி நான் கேட்டதில்லை. பானை உடையும், முருங்கைக் கிளை ஒடியும், நூல் அறும், துணி கிழியும், பால் திரியும். வினையை மட்டும் சொன்னாலே போனது எது என்று பாதி தெரிந்துவிடும்.

என் வேலையில் இதற்கெல்லாம் ஒரே சொல்தான். பில்ட் பிரேக் ஆகும், ஏபிஐ பிரேக் ஆகும், டீ குடிக்கப் போனால் அதுவும் பிரேக். சி மொழியில் அது ஒரு கட்டளை. சுற்றிக்கொண்டே இருக்கும் லூப்பை விட்டு வெளியே வா என்று அர்த்தம். 1990 ஜனவரி 15 அன்று அமெரிக்காவில் ஏடி அண்ட் டி-யின் தொலைதூரத் தொலைபேசி வலையமைப்பு சுமார் ஒன்பது மணி நேரம் முடங்கியது. 114 இணைப்பு மையங்கள் ஒன்று விழுந்து, எழுந்து, எழும்போதே பக்கத்தில் இருந்ததைக் கவிழ்த்துக்கொண்டிருந்தன. காரணம், தப்பான இடத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பிரேக். ஒரு இஃப்-க்குள் எழுதப்பட்டிருந்தது. ஆனால் சி மொழியில் பிரேக் என்பது இஃப்-ஐக் கண்டுகொள்ளாது. அது சுற்றியிருந்த பெரிய பகுதியையே விட்டு வெளியேறிவிட்டது. எதிலிருந்து வெளியேறுகிறோம் என்று தெரிந்துகொண்டு வெளியேற வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்தக் கதையை எனக்குச் சொன்னார்கள். பிறகு அதை நானும் பல பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

அந்த ஆறு வாரமும் வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். வலது கை என்பதால் அம்மாவுக்குச் சோறு ஊட்ட வேண்டியிருந்தது. அம்மாவுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. நானும் அவளும் பிரிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ப்ராஜெக்ட், புனே, லீவு இல்லை என்று சமாளித்துக்கொண்டிருந்தேன். இருவரும் சம்மதித்து 13பி பிரிவின் கீழ் மனுப் போடுவதாக முடிவாகி, வக்கீல் அனுப்பிய வரைவு என் மெயிலில் கிடந்தது. மனுப் போட்ட பிறகும் சாதாரணமாக ஆறு மாதம் காத்திருக்கச் சொல்கிறது சட்டம், மனசு மாறலாம் என்று. எலும்புக்கு ஆறு வாரம், இதற்கு ஆறு மாதம்.

எந்தச் சொல்லில் சொல்வது? விவாகரத்து என்றால் எனக்கு ரயில்தான் ஞாபகம் வரும். ரத்து என்பது ரயிலுக்கு. எங்கள் பக்கத்துச் சொல், அத்துவிடுவது. தாலி கயிறு என்பதால் நூலுக்கான வினை. ஆனால் அதே வினையால்தான் புருஷன் செத்தவளை அறுத்தவள் என்று ஏசுவார்கள். அந்தச் சொல் அவள் மேல் பட வேண்டாம் என்றிருந்தது. உடைந்துவிட்டது என்றால் யாரோ போட்டு உடைத்ததாகிவிடும். யார் என்று அடுத்த கேள்வி வரும்.

ரசம் சாதத்தை உருட்டிக்கொண்டே, “எங்களுக்குள்ள முறிஞ்சிருச்சும்மா” என்றேன்.

அம்மா வாயிலிருந்ததை மென்று விழுங்கினாள். மடியில் கிடந்த மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “முறிஞ்சது கூடாதாடா?” என்றாள்.

“கூடாதும்மா.”

சேராது என்று சொன்னேனா, சேரக் கூடாது என்று சொன்னேனா? அன்று ராத்திரி முழுக்க யோசித்தேன். சொல்லைத் தேர்ந்ததில் தப்புச் செய்துவிட்டதாகவும் தோன்றியது. அம்மா தினமும் பேப்பரை வரி விடாமல் படிக்கிறவள். பேப்பரில் கட்சி உடையும், கூட்டணி முறியும். 1972-ல் தி.மு.க. உடைந்தது, உடைந்தது உடைந்ததுதான். 2023 செப்டம்பரில் அ.தி.மு.க., பா.ஜ.க. கூட்டணி முறிந்தது, 2025 ஏப்ரலில் மறுபடி சேர்ந்துகொண்டார்கள். முறிவு என்றால் அம்மாவுக்கு எலும்பு, கூட்டணி. கட்டுப் போட்டால், நாலு பேர் பேசினால் சரியாகிற விஷயம். நான் நினைத்துச் சொன்னது வேறு முறி. விஷத்தை முறிக்கிறோம், சோம்பல் முறிக்கிறோம். அங்கெல்லாம் முறிந்ததை யாரும் ஒட்ட வைக்கப் பார்ப்பதில்லை. நாங்கள் இரண்டு வருஷம் ஒரே சண்டையை, ஒரே வாக்கியங்களோடு, ராத்திரி பதினொரு மணிக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். அவள்தான் முதலில் நிறுத்தினாள். அது எனக்குக் கோபமாக வரவில்லை, தூக்கமாக வந்தது. இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.

அம்மாவும் அதற்குப் பிறகு கேட்கவில்லை. பெரியம்மாவிடம் போனில், “ரெண்டு பேரும் நல்ல பிள்ளைகதான்” என்று மட்டும் சொன்னது அடுப்படி வரை கேட்டது.

ஆறாவது வாரம் கட்டைப் பிரித்தார்கள். கை மெலிந்து, தோல் வெளுத்து, வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. “கூடிருச்சு. முறிஞ்ச எடம் கொஞ்ச நாளைக்குத் தடிப்பாத்தான் இருக்கும்” என்றார் டாக்டர்.

நான் கிளம்புகிற ராத்திரி, அம்மா வாசலில் நிறுத்தி இரண்டு கைகளாலும் என் முகத்தை வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறித்தாள். இடது கை விரல்கள் சொடுக்கின. வலது கையில் சத்தமே வரவில்லை. இன்னொரு தரம் வைத்து அழுத்திப் பார்த்தாள்.

“இன்னும் மடங்கலைடா” என்று கையை உதறிக்கொண்டு, தண்ணி பாட்டில் எடுத்தாயா என்று கேட்டாள்.