தார்நாகாவில் மரம் வரைந்த காலம்

ஹைதராபாத்தின் தார்நாகாவில் இறங்கி ‘சீஃபெல்’ என்று கேட்டால் ஆட்டோக்காரர்களில் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். ‘உஸ்மானியா யுனிவர்சிட்டி பக்கம்’ என்றால்தான் வண்டி கிளம்பும். 1958இல் மத்திய ஆங்கில நிறுவனமாகத் தொடங்கி, 1972இல் அயல்மொழிகளையும் சேர்த்துக்கொண்ட நிறுவனம் சீஃபெல். உள்ளே இருந்தவர்களுக்கு நாட்டிலேயே பெரிய இடம். வெளியே இருந்த ஹைதராபாத்துக்கு ஒரு காம்பவுண்டுச் சுவர். பக்கத்து உஸ்மானியாவோ 1918இல் உருதுவைப் பயிற்று மொழியாகக் கொண்டு பிறந்த பல்கலைக்கழகம். அதன் தோளை ஒட்டி ஆங்கிலத்துக்கென்றே ஒரு நிறுவனம் எழுந்ததை அந்த வயதில் நான் யோசித்துப் பார்க்கவில்லை. இப்போது யோசிக்கும்போது சிரிப்பு வருகிறது.

நான் போனது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். சென்னையில் மாலை சார்மினார் எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் செகந்திராபாத். உடன் படித்தவர்களில் பலர் கல்லூரிகளில் வேலை பார்த்துக்கொண்டே விடுப்பில் வந்த ஆசிரியர்கள். விடுதி அறையில் வேட்டி கட்டிய ஒருவர், ஸ்ரீநகரிலிருந்து வந்த ஒருவர், கோட்டயத்துக்காரர் ஒருவர். எல்லோருமே ஆங்கில எம்.ஏ. மில்டனைப் பற்றிக் கேட்டால் மணிக்கணக்கில் பேசுவோம். ஒரு சாதாரண ஆங்கில வாக்கியத்தின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டால் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகத்துக்கு அப்பால் ஒரு அடி நகர மாட்டோம். செய்வினையைச் செயப்பாட்டுவினையாக்கு, நேர்க்கூற்றை அயற்கூற்றாக்கு என்பதுதான் எங்கள் இலக்கணக் கல்வி.

அங்கே நடந்த ஒலியியல் வகுப்பு பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. கூண்டு கூண்டாகத் தடுத்த மொழி ஆய்வகத்தில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, லண்டன்காரரைப் போல உச்சரிக்க மத்தியானமெல்லாம் முயன்றோம்; மெஸ்ஸுக்குள் நுழைந்ததும் அவரவர் ஊருக்குத் திரும்பிவிட்டோம். இந்தியர்கள் பேசும் ஆங்கிலம் யாருக்கு எவ்வளவு புரிகிறது என்று ஆர்.கே. பன்சால் ஆராய்ந்து, 1969இலேயே அந்த நிறுவனம் நூலாக வெளியிட்டிருந்தது. அதைப் படித்தவர்கள் கொஞ்சம் நிம்மதியாக இருந்தார்கள்.

வாக்கிய அமைப்பை ஆராயும் தொடரியல் வகுப்புதான் எங்களைப் புரட்டிப்போட்டது. பேராசிரியர் விதி எதையும் சொல்லவில்லை. பலகையில் ஒரு வாக்கியம் எழுதினார், ‘இது உங்கள் காதுக்குச் சரியா?’ என்று கேட்டார். சரியில்லை என்றால் தலைமாட்டில் ஒரு நட்சத்திரக் குறி, சந்தேகமென்றால் கேள்விக்குறி. ஆங்கில வாக்கியம் என்றதும் வகுப்பு அமைதியாகிவிடும். எங்கள் காதை நாங்களே நம்பவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம், பிறகு பேராசிரியர் முகத்தை. நூலகத்தில் குவர்க்கும் மற்ற மூவரும் சேர்ந்து எழுதிய 1985ஆம் ஆண்டின் பெரிய ஆங்கில இலக்கணம் இருந்தது. 1,700 பக்கங்களுக்கு மேல், இரண்டு கையாலும் தூக்க வேண்டும். தகராறு வந்தால் அதனிடம் போவோம்.

ஒருநாள் அவர், ‘சரி, உங்கள் மொழியில் சொல்லுங்கள்’ என்றார். அன்றைக்குத்தான் வகுப்பில் சத்தம் கேட்டது.

பலகையில் இருந்தது இது: ‘குமார் செட் தட் ரவி ஸ்கோல்டட் ஹிம்செல்ஃப்.’ திட்டு வாங்கியவன் ரவிதான். ஆங்கிலத்தில் வேறு வழியே இல்லை. ‘ஹிம்செல்ஃப்’ தன் துணைவாக்கியத்துக்குள்ளேயே ஆள் தேடும், வேலி தாண்டாது. தமிழில் நான் சொன்னேன்: ‘ரவி தன்னைத் திட்டினதாகக் குமார் சொன்னான்.’ இங்கே திட்டு வாங்கியவன் குமார். ‘தன்னை’ வேலியைத் தாண்டிப் போய் வெளியே நிற்பவனைப் பிடித்துவிடுகிறது. அப்புறம் ‘ரவி தன்னைத் திட்டிக்கொண்டதாகக் குமார் சொன்னான்’ என்றேன். ஒரு ‘கொள்’ நுழைந்ததும் திட்டு ரவி தலையிலேயே விழுந்தது. பேராசிரியர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு முறை சொல்லச் சொன்னார். கோட்டயத்துக்காரர் எழுந்து மலையாளத்துத் ‘தான்’ என்ன செய்யும் என்று தொடங்கினார். அவரும் நானும் மணி அடித்த பிறகும் தாழ்வாரத்தில் நின்று ஒருவருக்கொருவர் குமாரையும் ரவியையும் திட்டிக்கொண்டிருந்தோம்.

பிறந்ததிலிருந்து பேசி வந்த வாக்கியம். நன்னூல் சூத்திரங்களைப் பள்ளியில் மனப்பாடம் செய்தவன்தான் நான். ஆனாலும் அந்தக் ‘கொள்’ என்ன வேலை பார்க்கிறது என்பதை ஆங்கிலப் பாடத்தில் உட்கார்ந்துதான் கண்டேன்.

அப்புறம் தினமும் திருவிழாதான். ஷில்லாங்கிலிருந்து வந்த அக்கா ஒருவர், காசி மொழியில் ஆங்கிலத்தைப் போலவே வினைச்சொல் செயப்படுபொருளுக்கு முன்னால் வரும் என்று காட்டினார். ஸ்ரீநகர் நண்பரின் காஷ்மீரியில் வினை இரண்டாம் இடத்தில் வந்து உட்கார்ந்தது. இந்தி பேசுபவர்கள் நம்பவில்லை. ஜெர்மன் துறையிலிருந்து வந்து கேட்டுக்கொண்டிருந்த ஒரு பையன் மட்டும், ‘எங்களுக்கும் அப்படித்தான்’ என்று தலையாட்டினான்.

இன்னொரு நாள் கேள்வி வாக்கியம். ‘நீ யார் எழுதின புத்தகத்தைப் படிச்சே?’ என்று நாம் சாதாரணமாகக் கேட்கிறோம். இதை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். ‘ஹூ’வைப் பிடுங்கி முன்னால் நட்டால் வாக்கியம் செத்துவிடும். ஆங்கிலத்தில் கேள்விச்சொல் வாக்கியத்தின் தலைக்கு நகர வேண்டும்; பெயரெச்சத் தொடரைப் போன்ற இடத்துக்குள் மாட்டிக்கொண்டால் வெளியே வர முடியாது. இப்படிப்பட்ட இடங்களுக்கு ஜான் ராபர்ட் ராஸ் வைத்த பெயர் ‘தீவுகள்’. 1967இல் அவர் எம்.ஐ.டி.யில் அளித்த ஆய்வேடு இந்தக் கட்டுப்பாடுகளைப் பற்றியது. தமிழில் ‘யார்’ இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு கேள்வி கேட்கிறது. படகு தேட வேண்டிய அவசியமே அதற்கு இல்லை.

இந்த நட்சத்திரப் பைத்தியம் மெஸ் வரைக்கும் வந்தது. இட்லி கல்லாக இருந்தால் ‘ஸ்டார்’. சாம்பார் சுமார் என்றால் ‘கொஸ்டின் மார்க்’. கோங்குரா பச்சடிக்கு மட்டும் யாரும் குறி போட்டதில்லை. இரவில் வாக்கியத்தின் அமைப்பைக் காட்டும் மரப்படம் வரைவோம். தலைகீழ் மரம், வேர் மேலே, இலை கீழே. ஆங்கில மரம் வலப்பக்கமாகச் சரியும், தமிழ் மரம் இடப்பக்கமாகச் சரியும். தாள் போதாமல் செய்தித்தாளின் ஓரத்தில் வரைந்தவர்கள் உண்டு.

புத்தகம் வாங்கக் காசில்லை. தொடரியல் பாடநூல்களான ராட்ஃபோர்டும் 1991இல் வந்த ஹேகமனும் எங்களுக்கு ஸ்பைரல் போட்ட ஜெராக்ஸாகவே அறிமுகம். ஞாயிற்றுக்கிழமை ஆபிட்ஸ் நடைபாதையில் பழைய புத்தகக் கடை விரிப்பார்கள். அங்கே மொழியியலாளர் சாம்ஸ்கியின் நூல்களைத் தேடிப் போய் பெரும்பாலும் சமையல் புத்தகத்தோடும் உஸ்மானியா பிஸ்கட்டோடும் திரும்புவோம். சாம்ஸ்கியின் 1981ஆம் ஆண்டுத் தொடரியல் கோட்பாட்டை நாங்கள் ஒருவழியாகச் செரித்து முடித்த சமயத்தில், 1995இல் அவரே அதில் பெரும்பகுதியைக் கழற்றிவிட்டுப் புதிதாகத் தொடங்கினார். எனக்கு அதில் வருத்தமில்லை. கோட்பாடு போகும், குமாரும் ரவியும் போகமாட்டார்கள்.

அங்கே நடந்தது வெறும் வகுப்பறை விளையாட்டும் அல்ல. சீஃபெல்லில் பணியாற்றிய கே.ஏ. ஜெயசீலனும் ஆர். அமிர்தவல்லியும் திராவிட மொழிகளின் தொடரியலைப் பற்றி எழுதிய கட்டுரைகளின் தொகுப்பை 2017இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. நிறுவனம் 2007இல் மத்தியப் பல்கலைக்கழகமாகிவிட்டது. பெயரும் மாறி, இன்றைய மாணவர்கள் ‘இஃப்ளு’ என்கிறார்கள். பழைய ஆட்கள் மட்டும் விடாப்பிடியாக சீஃபெல் என்றே சொல்கிறோம்.

ஊர் திரும்பி ஒரு கல்லூரியில் சேர்ந்தேன். முதல் வாரத்திலேயே ‘இங்கிலீஷ் கிளாஸில் தமிழ் எதற்கு?’ என்ற கேள்வி வந்தது. வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் என்ற பலகையைக்கூட அந்தக் காலத்தில் பார்த்திருக்கிறேன். நம் பிள்ளைகளுக்கு வாக்கியத்தை எடைபோடத் தெரியும். தெரிந்த தராசைப் பறித்து வைத்துவிட்டுத் தெரியாத தராசைக் கையில் கொடுக்கிறோம். ஆங்கில இலக்கணம் நடத்தும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ‘ஹிம்செல்ஃப்’ நடத்தும் நாளில் பலகையின் மறுபாதியில் ‘ரவி தன்னைத் திட்டினதாகக் குமார் சொன்னான்’ என்று எழுதுங்கள், திட்டு வாங்கியது யார் என்று கேளுங்கள். கடைசி பெஞ்சும் பதில் சொல்லும்.